அலுவல் பயணமாக வெளிநாடு: யார் எதைப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் நடுநிலை அதிகாரியாக இருக்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டில் ஐந்து நாள் கூட்டத்துக்குத் தனியாகப் போகிறேன். இதுதான் முதல் முறை. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அலுவல் பாஸ்போர்ட் இருப்பதால் கவலை வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். அலுவலக லேப்டாப்பும் உடன் வருகிறது. நானாக என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

பதில்: அதிகாரிகளின் பயண ஏற்பாடுகளைப் பல ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "அலுவலகம் பார்த்துக்கொள்ளும்" என்ற வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குக் கலக்கம் வரும். உங்கள் பயணத்தில் மூன்று தரப்பு இருக்கிறது: அனுப்பும் அலுவலகம், டிக்கெட் எடுக்கும் முகவர், அங்கே கூட்டம் நடத்துகிறவர்கள். விமான நிலையத்தில் உங்களை அழைத்துப்போக வண்டி யார் அனுப்புவது? ஒவ்வொருவரும் மற்றவர் அனுப்புவார் என்று இருந்துவிடுவார்கள். நள்ளிரவு 2 மணிக்குப் பெட்டியோடு வாசலில் நிற்பது நீங்கள்தான்.

ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள். வண்டி யார் அனுப்புகிறார்? ஹோட்டல் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்றா, நீங்கள் கட்ட வேண்டுமா? காப்பீட்டு ஆவணம் யாரிடம் இருக்கிறது? கூட்டம் தள்ளிப்போனால் டிக்கெட்டை மாற்றும் அதிகாரம் யாருக்கு? இரவில் உங்கள் அழைப்பை எடுக்கப்போவது யார்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். "நிர்வாகப் பிரிவு" என்பது பெயர் ஆகாது. இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஊழியரை வெளியே அனுப்பும் நிறுவனம் ஆபத்துகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 31030 என்ற பன்னாட்டு வழிகாட்டியே 2021இல் வந்துவிட்டது.

அடுத்து, அந்த அலுவல் பாஸ்போர்ட். அட்டையின் நிறம் யாரையும் காப்பாற்றாது. கைது, வழக்கு இவற்றிலிருந்து 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் சட்டவிலக்கு, ஒரு நாட்டில் தூதரகப் பணிக்கு நியமிக்கப்பட்டு அந்த நாடு ஏற்றுக்கொண்டவர்களுக்கானது. ஐந்து நாள் கூட்டத்துக்கு வருகிறவருக்கு அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. பன்னாட்டு அமைப்புகளின் கூட்டங்களுக்குத் தனி ஒப்பந்தங்கள் இருக்கலாம், அவற்றின் எல்லையும் குறுகியது. எனவே அந்த ஊர்ச் சட்டம் முழுமையாக உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைத்து நடங்கள். ஒருவேளை காவல்துறை பிடித்துவைத்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. அதைக் கேளுங்கள். தூதரகம் வந்து பார்க்கும், வழக்கறிஞர் கிடைக்க உதவும். கையோடு விடுவித்து அழைத்துப்போகாது. அலுவலக நேரத்துக்குப் பிறகு அங்கே எடுக்கும் எண் எது என்று இப்போதே பார்த்து எழுதிவையுங்கள்.

விசாவையும் பாஸ்போர்ட்டின் வகையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அலுவல் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்ட நாடுகள் உண்டு. நேர்மாறாக, இணையவழி விசாவைச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தருகிற நாடுகளும் உண்டு. சக ஊழியர் போன முறை எப்படிப் போனார் என்பதை நம்பாதீர்கள். விமானம் மாறும் நாட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து திரும்பப் புறப்படும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், வழங்கப்பட்டு பத்தாண்டு தாண்டியிருக்கக் கூடாது. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை தொகையைவிட விலக்குகளைத்தான் படிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய், அதாவது உங்கள் ரத்த அழுத்தம், சேர்க்கப்பட்டிருக்கிறதா? நோயாளியை வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா? கூட்டம் முடிந்து இரண்டு நாள் விடுப்பு போட்டு ஊர் சுற்றினால் அந்த இரண்டு நாளும் அலுவலகக் காப்பீட்டுக்குள் வருமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வராது என்றுதான் பதில் கிடைக்கும். எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மாத்திரைக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். ரத்த அழுத்த மாத்திரையால் எல்லையில் பொதுவாகத் தொல்லை இல்லை. தூக்க மாத்திரை வேறு கதை. டயசெபாம், அல்பிரசோலாம், சோல்பிடெம் போன்றவை 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனநிலைப் பொருள்கள் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. எத்தனை நாளுக்கு வைத்திருக்கலாம், முன் அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கச் சொல்கிறது. ஜப்பானில் ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்தை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது; மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் தடை. போகும் நாட்டின் தூதரக இணையதளத்தில் உங்கள் மாத்திரையின் வேதிப்பெயரை வைத்துத் தேடுங்கள். வணிகப்பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மருத்துவரிடம் வேதிப்பெயர், அளவு, காரணம் மூன்றும் எழுதிய கடிதம் வாங்குங்கள். கிழமைவாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டுக்கொள்வது வீட்டுக்கு நல்ல பழக்கம். எல்லையைத் தாண்டும் வரை அட்டையிலேயே இருக்கட்டும். எல்லா மருந்தும் கைப்பையில், மூன்று நான்கு நாள் கூடுதலாக. நேர வித்தியாசத்தில் எந்த மணிக்கு விழுங்குவது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆப்பிரிக்கா அல்லது தென் அமெரிக்காவின் சில பகுதிகள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகிறது. அந்தப் பகுதியில் விமானம் மாறி 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே கேட்கும் நாடுகளும் இருக்கின்றன.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்துக்கான ஒரு ஜோடி உடையும் பேச வேண்டிய கோப்பும் கைப்பையில் இருந்தால் பெட்டி தொலைந்தாலும் முதல் நாளை ஓட்டிவிடலாம். பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி, வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் புகார் எழுதி நகல் வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு பெட்டி கிடைத்த 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும்.

குண்டுவெடிப்பு, கடத்தல் என்று வீட்டில் பயப்படுவார்கள். நான் பயப்படுவது சாலைக்கு. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். இரவு விமானத்தில் இறங்கி, தூக்கக் கண்ணோடு, பின் இருக்கையில் பெல்ட் போடாமல் சாய்ந்துகொள்கிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெல்ட் இல்லாத வண்டியை மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் பகலில் போய்ச் சேரும் விமானத்தைக் கேளுங்கள், அலுவலகத்துக்கு அரை நாள் தினப்படி கூடினாலும் பரவாயில்லை.

அழைக்க வரும் ஓட்டுநரின் பலகையில் உங்கள் பெயரும் துறையும் பெரிதாக எழுதியிருக்க வேண்டியதில்லை. எவரும் அதைப் பார்த்து இன்னொரு பலகை எழுதிவிடலாம். கூட்டம் நடத்துகிறவர்களிடம் பேசி, பலகையில் எழுத ஏதாவது ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். ஓட்டுநரின் பெயரையும் வண்டி எண்ணையும் முன்பே வாங்குங்கள். அருகில் போய் "எனக்காகத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார். "யாரை அழைத்துப்போக வந்தீர்கள்?" என்று கேளுங்கள்.

ஹோட்டலில் மூன்றாவது முதல் ஆறாவது மாடிக்குள் அறை கேளுங்கள். தெருவிலிருந்து எளிதில் ஏற முடியாத உயரம், தீயணைப்பு ஏணி எட்டக்கூடிய உயரமும் கூட. அறைக்குப் போனதும் அவசர வழிவரை எத்தனை கதவு என்று எண்ணிவிடுங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் தெரியும். வரவேற்பாளர் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்பதில் தப்பில்லை. கதவைத் தட்டினால் திறக்குமுன் கீழே அழைத்துக் கேளுங்கள். அறையிலுள்ள பெட்டகத்தை ஊழியர்களாலும் திறக்க முடியும். லேப்டாப்புக்கு அது பாதுகாப்பு ஆகாது.

அந்த லேப்டாப்பைப் பற்றி அலுவலகத்தோடு ஒரு சின்னச் சண்டையாவது போடுங்கள். தினம் பயன்படுத்தும் கணினியை எடுத்துப்போகாமல், இந்தக் கூட்டத்துக்கான கோப்புகள் மட்டும் உள்ள ஒன்றைக் கேளுங்கள். எல்லையில் அதிகாரிகள் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது? உதாரணமாக நியூசிலாந்தில், சட்டப்படி கேட்கும்போது கடவுச்சொல்லைத் தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம் விதிக்க 2018 முதல் வழி இருக்கிறது. அரசுக் கோப்பைக் காட்டலாமா கூடாதா என்ற முடிவை வரிசையில் நின்றுகொண்டு நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது. மேலதிகாரி முன்பே எழுத்தில் சொல்ல வேண்டியது அது. கணினியை ஸ்லீப் நிலையில் விடாமல், முழுவதும் அணைத்த நிலையில் எல்லையைக் கடங்கள். யாராவது அதை உங்கள் கண்ணுக்கு மறைவாக எடுத்துப்போய்த் திருப்பித் தந்தால், அதிலிருந்து அலுவலக வலையமைப்பில் நுழையாமல் உடனே தகவல் சொல்லுங்கள். கூட்டத்தில் இலவசமாகத் தரும் பென்டிரைவை எதிலும் செருகாதீர்கள். ஹோட்டல் வைஃபையைவிட உங்கள் கைபேசி டேட்டா மேல். இணையத் தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் விபிஎன் வசதியைப் பயன்படுத்தச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று பலருக்கும் கடைசி நேரத்தில்தான் உறைக்கும்: வங்கி, அலுவலக மின்னஞ்சல் எல்லாவற்றுக்குமான ஓடிபி உங்கள் பழைய சிம்முக்குத்தான் வரும். ரோமிங்கை வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்யுங்கள்.

தனியாகப் போகிறவரிடம் பிரியமாகப் பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. ஆனால் உங்கள் துறையில் யார் எதை முடிவு செய்கிறார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பவரையும், ஊர் திரும்பியபின் சின்ன அறிக்கை எழுதித் தந்தால் பணம் தருகிறேன் என்பவரையும் கவனித்துக்கொள்ளுங்கள். பரிசு தந்தால் துறை விதியைச் சொல்லி மறுக்கலாம். மறுக்க முடியாத மேடை என்றால் வாங்கி, திரும்பியதும் எழுத்தில் தெரிவியுங்கள். பாலம், விமான நிலையம், காவலர் இவற்றைப் படமெடுக்க வேண்டாம். போர்டிங் பாஸைப் படமெடுத்து வலைத்தளத்தில் போடவும் வேண்டாம். அதிலுள்ள முன்பதிவு எண்ணும் உங்கள் பெயரும் போதும், உங்கள் பயணத்தில் வேறொருவர் கை வைக்க.

பணத்தில் இரண்டு கார்டுகளை இரண்டு இடத்தில் வையுங்கள். கடை இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்டால், அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையேல் மாற்று விகிதத்தில் தேவையில்லாமல் இழப்பீர்கள். ஹோட்டல் உங்கள் கார்டில் முன்தொகையாகக் கொஞ்சம் நிறுத்திவைக்கும், அதற்கு இடம் விடுங்கள். ரசீதுகளை அன்றன்றே படமெடுங்கள், வெப்பத்தாள் ரசீது கணக்குப் பிரிவுக்குப் போவதற்குள் வெளுத்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ ஒரு வரி அனுப்புங்கள். அது வராவிட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்: ஒரு மணி நேரம் கழித்து உங்களை அழைப்பது, பிறகு ஹோட்டல், பிறகு கூட்டம் நடத்துகிறவர்கள், கடைசியாகத் தூதரகம். அந்தந்த எண்களை அவர்களிடமும் கொடுங்கள். உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால் பயனில்லை.

திரும்பிவந்ததும் அங்கே பயன்படுத்திய கடவுச்சொற்களை மாற்றுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போயிருந்தால், சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.