வீட்டுக்காரரு தினம் சவுனாவுல போய் வேகுறாரு, இது நல்லதா மிஸ்ஸி அக்கா?

கேள்வி: மிஸ்ஸி அக்காவுக்கு வணக்கம். நாங்க ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கொண்டோவுல இருக்கோம். வீட்டுக்காரருக்கு 56 வயசு, ரத்தக் கொதிப்புக்கு ரெண்டு மாத்திரை சாப்பிடுறாரு, இனிப்பு நீரும், அதான் சர்க்கரை வியாதி, எல்லையில நிக்குதுன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. நாலு மாசமா பக்கத்து பிளாக் சீன அங்கிள் ஒருத்தரோட சேர்ந்துக்கிட்டு தினம் சாயங்காலம் கீழ இருக்கிற சவுனாவுக்கு, அதான் அந்தச் சூட்டு அறைக்கு, போறாரு. ஏழு மணிக்குப் போனா எட்டரைக்குத்தான் மேல வர்றாரு, சோறு ஆறிப் போய் கிடக்கும். கேட்டா ஹார்ட் அட்டாக் வராது, உடம்புல உள்ள கழிவெல்லாம் வேர்வையில போயிடும், ஒரே நாள்ல ஒரு கிலோ குறையுதுங்கிறாரு. இப்ப மாத்திரையை நிறுத்திடலாமான்னு யோசனை, பால்கனியில வைக்க ஒரு சவுனா பெட்டி வேற வாங்கணுமாம். இந்த ஊர்ல சும்மா நின்னாலே வேர்த்து ஊத்துது, காசு குடுத்து வேற வேகணுமா? மாமியாரோ அது நம்ம வேது பிடிக்கிறதுதானேன்னு மகனுக்கு சப்போர்ட்டு. – ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: தங்கச்சி, மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை அவர் காதுல போட்டுட்டு வந்து மிச்சத்தைப் படிங்க. முப்பது வருஷம் வார்டுல மிஸ்ஸியா, அதான் நர்ஸா, வேலை பார்த்தவ நான், "நல்லாத்தான் இருந்துச்சு மிஸ்ஸி, அதான் நிறுத்திட்டேன்"னு சொல்லிக்கிட்டு வாய் கோணி வந்து படுத்தவங்க எத்தனையோ பேரு, நல்லா இருந்ததே அந்த மாத்திரையாலதான்னு புரியுறதுக்குள்ள ஒரு பக்கம் கை விளங்காம போயிருக்கும். அந்த விஷயத்துல பேச்சுக்கே இடமில்ல. ஆனா சவுனா மேல நீங்க காட்டுற கோவம் இருக்கு பாருங்க, அதுல கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு தோணுது.

இந்த ஊர்லதான் சும்மாவே வேர்க்குதேன்னு கேக்குறீங்க. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், போன வருஷம் மக இழுத்துக்கிட்டுப் போய் உள்ள உட்கார வைக்கிற வரைக்கும். கோலாலம்பூர்ல நமக்கு வேர்க்கிறது வேற தினுசு, காத்துல ஏற்கனவே ஈரம் நிரம்பிக் கிடக்கு, வேர்வை காயாது, முதுகுல சட்டை ஒட்டிக்கிட்டு பிசுபிசுன்னு எரிச்சல்தான் மிச்சம். சவுனாவுக்குள்ள 80லேர்ந்து 100 டிகிரி வரைக்கும் இருக்கும், ஆனா காத்து வறண்ட காத்து, ஈரப்பதம் 10, 20 சதவீதம்தான், அதனால வேர்வை வர வர காஞ்சு உடம்பைக் காப்பாத்திக்கிட்டே இருக்கும், அதனாலதான் 80 டிகிரி தண்ணியில விரலை வச்சா வெந்துடும், 80 டிகிரி சவுனாவுல பத்து நிமிஷம் கதை பேசிக்கிட்டு உட்கார முடியுது. பக்கத்துலயே ஸ்டீம் ரூம் ஒண்ணு இருந்துச்சு, அதுல 45 டிகிரிதான், ஆனா முழுக்க ஆவி, என்னால அஞ்சு நிமிஷம் தாங்க முடியல, மூச்சு முட்டுது.

இதை மாமியாருக்கும் சொல்லுங்க. நொச்சி இலை, வேப்பிலை, மஞ்சள் எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சு போர்வையை மூடிக்கிட்டுப் பிடிக்கிற வேது ஈரச் சூடு, ஸ்டீம் ரூமுக்குத்தான் அது நெருங்கின சொந்தம். சவுனா கொஞ்சம் தூரத்துச் சொந்தம். சித்த வைத்தியத்துல புற மருந்து 32 வகைன்னு சொல்லுவாங்க, அதுல வேதும் ஒண்ணு, அதனால சூட்டை வச்சு உடம்பைப் பார்த்துக்கிறது நமக்குப் புதுசும் இல்ல. மலாய்க்காரங்க வீட்டுல பிள்ளை பெத்தவங்களுக்கு மூலிகை ஆவி பிடிக்க வைக்கிறதைப் பார்த்திருப்பீங்க, தோட்டத்துல எங்க லயத்துலயும் அம்மா அதையேதான் செஞ்சாங்க.

சரி, உள்ள உட்கார்ந்தா என்ன நடக்குது? தோல்ல இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் விரியும், இதயம் வேகமா அடிக்க ஆரம்பிக்கும், நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிடும், சிலருக்கு 150 வரைக்கும் போகும். தித்திவாங்சா ஏரியைச் சுத்தி வேக நடை நடந்த மாதிரி, கால் மட்டும் வலிக்காது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தா சராசரியா அரைக் கிலோ வேர்வை போகுமாம், அப்போ அவர் சொல்ற அந்த ஒரு கிலோ ரெண்டு ரவுண்டு வேர்வை, அவ்வளவுதான், மேல வந்து ரெண்டு மூணு கிளாஸ் தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும், கொழுப்பு ஒரு கிராம்கூட கரைஞ்சிருக்காது. கழிவு வெளிய போகுதுங்கிறதும் அப்படித்தான், வேர்வைல இருக்கிறது பெரும்பாலும் தண்ணியும் உப்பும், கழிவை எடுக்கிற வேலையைக் கிட்னியும் கல்லீரலும் பார்த்துக்கிட்டு இருக்கு, கிட்னி வேலையை நிறுத்துனா சவுனா காப்பாத்தாது, டயாலிசிஸ்தான்.

ஹார்ட் அட்டாக் விஷயம் மட்டும் அவர் சும்மா விட்ட கதை இல்ல. பின்லாந்துல குவோப்பியோன்னு ஒரு ஊரு, அந்தப் பக்கத்து ஆம்பளைங்க 2315 பேரை 1980கள்ல சேர்த்துக்கிட்டு சுமாரா 20 வருஷம் விடாம கவனிச்சாங்க, யாரி லௌக்கானென்னு ஒரு இதய டாக்டரும் அவரோட ஆளுங்களும் 2015ல முடிவை வெளியிட்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை சவுனா போனவங்களை விட 4லேர்ந்து 7 தடவை போனவங்களுக்கு திடீர்னு இதயம் நின்னு சாகுறது 63 சதவீதம் குறைவா இருந்துச்சு, எந்தக் காரணத்தாலயும் சாகுறதே 40 சதவீதம் குறைவு. அந்த அங்கிள் இதைத்தான் எங்கயோ படிச்சிருப்பாரு. இன்னொண்ணு, 2018ல 100 பேர் சுமாரை 73 டிகிரில அரை மணி நேரம் உட்கார வச்சுப் பார்த்தாங்க, மேல் பிரஷர் சராசரி 137லேர்ந்து 130க்கு இறங்கியிருந்துச்சு.

கேக்க ஜோரா இருக்குல்ல. ஆனா கொஞ்சம் நிதானமாப் பாருங்க, அந்த 2315 பேருல வாரத்துக்கு நாலு தடவையோ அதுக்கு மேலயோ போனவங்க 201 பேர்தான். அவங்க எல்லாரும் சின்னப் பிள்ளையிலேர்ந்து அந்தச் சூட்டுல வளர்ந்த ஜனம், நம்ம ஆளு நாலு மாசமா போறவரு. அதோட உடம்பு முடியாதவன் தினமும் சவுனாவுக்குப் போவானா, தெம்பா இருக்கிறவன்தானே போவான், அப்போ சவுனாவால தெம்பா, தெம்பால சவுனாவான்னு ஒரு சந்தேகம் எப்பவும் நிக்கும். சிகரெட்டு, குடி, உடற்பயிற்சி எல்லாத்தையும் கணக்குல எடுத்துத்தான் பார்த்திருக்காங்க, இருந்தாலும் இது பின்னாலயே போய்க் கவனிச்ச கணக்கு, மருந்து குடுத்துச் சோதிச்ச மாதிரி கணக்கு இல்ல. நல்லது இருக்கும்னு நான் நம்புறேன், மாத்திரைக்குப் பதிலா வைக்கிற அளவுக்கு நம்பல. 137 130 ஆகுறதும் அந்த நேரத்துக்குத்தானே, உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி மூணு மணிக்கும் பிரஷர் இருக்கே.

இன்னொரு பயமும் அந்த மாத்திரையில இருக்கு. ரெண்டு மாத்திரைன்னு எழுதியிருக்கீங்க, அதுல ஒண்ணு மூத்திரம் போக வைக்கிற தண்ணி மாத்திரையா இருந்தா ஏற்கனவே உடம்புல தண்ணி குறையும், மேல வேர்வையும் போனா எழுந்து நிக்கும்போது தலை சுத்தி விழுந்துடுவாங்க, ஈரத் தரையில விழுந்தா இடுப்பெலும்பு போச்சு. மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட "நான் தினம் சவுனா போறேன்"னு வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க, நம்ம ஆளுங்க டாக்டர்கிட்ட இதெல்லாம் சொல்லவே மாட்டாங்க, கேட்டாத்தானே சொல்றதுக்கு. சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலி வர்றவங்க, கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்தவங்க, இதய வால்வு ரொம்ப சுருங்கிப் போனவங்க, இவங்கெல்லாம் கிட்டயே போகக் கூடாது. இனிப்பு நீர் முத்தி கால்ல உணர்ச்சி கம்மியானவங்களுக்குச் சுட்டாலும் தெரியாது, இன்சுலின் போடுறவங்களுக்கு அந்தச் சூட்டுல மருந்து வேகமா ஏறி சீனி பொசுக்குன்னு இறங்கிடும். இவருக்கு எல்லையிலதான் நிக்குது, பரவாயில்ல. கல்யாணமான பையன் வீட்டுல இருந்து பிள்ளைக்குக் காத்துக்கிட்டு இருந்தா அவனைக் கூட்டிட்டுப் போக வேணாம், சூடு விந்தணுவைக் குறைக்கும், நிறுத்துனா திரும்பி வந்துடும்.

முக்கியமா அங்கிளோட போட்டி போடுறாரான்னு விசாரிங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரு ஒரு சூடான அறைக்குள்ள உட்கார்ந்தா யாரு முதல்ல எழுந்து போறதுன்னு ஒரு வீம்பு வந்துடும், நான் சும்மா சொல்லல, பின்லாந்துலயே ஹெய்னோலாங்கிற ஊர்ல சவுனா உலகப் போட்டின்னு வருஷா வருஷம் நடத்துனாங்க, 2010ல 110 டிகிரில உட்கார்ந்த கடைசி ரெண்டு பேருல ஒருத்தர் செத்தே போயிட்டாரு, அதோட போட்டியையே மூடிட்டாங்க. பழகுனவங்க ஊர்லயே அப்படின்னா நம்ம ஊர் மாமாவுக்கு என்ன. பத்து நிமிஷம் போதும், கீழ்ப் படியில உட்காரட்டும், மேல் படியில சூடு அதிகம், வெளிய வந்து நல்லா ஆறட்டும், வேணும்னா இன்னொரு தடவை. தண்ணி பாட்டில் கூடவே இருக்கணும். பீர் கூடவே கூடாது, முன்னாடியும் கூடாது, சவுனா சாவுகளுக்குப் பின்னாடி அடிக்கடி இருக்கிறது குடிதான். கழுத்துல தங்கச் சங்கிலி போட்டிருந்தா கழட்டி வைக்கச் சொல்லுங்க, சூடேறி தோலைச் சுடும்.

அந்த பால்கனி பெட்டி வேணவே வேணாம். மூவாயிரம், நாலாயிரம் வெள்ளியைக் கொட்டி வாங்குவீங்க, கரண்ட் பில்லு ஏறும், மேனேஜ்மென்ட் லெட்டர் போடும், மூணு மாசத்துல அது மேல துண்டு காயும். கொண்டோ சவுனாவுலயே ஹீட்டர் மேல நீச்சல் துணி காயப் போடுற மகராசனுங்க இருக்காங்க, அதை யாராவது பார்த்தா உடனே எடுத்துடுங்க, தீப்பிடிச்சுக்கும். கல்லு மேல தண்ணி ஊத்துறதும் ஹீட்டர் அதுக்கானதான்னு கேட்டுட்டு ஊத்தணும்.

பின்லாந்துக்காரங்க அந்தத் தண்ணி ஊத்துனா கிளம்புற ஆவிக்குன்னே லொய்லுன்னு தனிப் பேரு வச்சிருக்காங்க. 55 லட்சம் ஜனம் இருக்கிற நாட்டுல சவுனா மட்டும் சுமாரா 30 லட்சம். பிர்ச் மரத்துக் கிளையை இலையோட கட்டி உடம்புல அடிச்சுக்குவாங்க, கோயில்ல வேப்பிலையால அடிப்பாங்கள்ல அந்த மாதிரி. வீட்டுலயே சுத்தமான இடம், சுடுதண்ணி இருக்கிற இடம்னு ஒரு காலத்துல பிரசவம்கூட அங்கதான் நடந்துச்சு. புகை சவுனான்னு ஒண்ணு, புகைபோக்கியே இல்லாத அறையில மணிக்கணக்கா விறகை எரிச்சு கல்லைச் சுட வச்சு, நெருப்பு அணைஞ்சு புகை வெளிய போனதுக்கு அப்புறம்தான் ஆளுங்க உள்ள போவாங்க, இதைப் படிச்சப்ப எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு, தோட்டத்துல ரப்பர் ஷீட் காயப் போடுற புகை வீட்டுல வேலை பார்த்தவரு, ராத்திரி பக்கத்துல படுத்தா சட்டை இல்லாமலும் அந்த வாசம் வரும். 2020ல யுனெஸ்கோ பின்லாந்து சவுனாப் பழக்கத்தை மனுஷகுலப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு, நம்ம மலேசியாவோட பாந்துன் கவிதை சேர்ந்ததும் அதே வருஷம்தான். 1960ல அவங்க ஜனாதிபதி கெக்கோனென், சோவியத் தலைவர் குருஷ்சேவை சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போய் விடிய விடியப் பேசியிருக்காரு. துண்டைக் கட்டிக்கிட்டு வேர்த்து உட்கார்ந்துட்டா பட்டம் வாங்குன டத்தோ யாரு, வாசல்ல காவல் நிக்கிற ஜாகா யாருன்னு தெரியாதுல்ல, கையில போனும் கிடையாது, அந்தச் சூட்டுக்கு போன் செத்துடும்.

இப்ப உங்க லெட்டரைத் திரும்பப் படிச்சேன். பிரஷரைப் பத்திச் சொன்னதை விட எட்டரை மணியும் ஆறிப் போன சோறும்தான் என் கண்ணுல நிக்குது. தங்கச்சி, 56 வயசுல புதுசா ஒரு சிநேகிதன் கிடைக்கிறது ஆம்பளைங்களுக்கு லேசு இல்ல, மாமாக் கடையில உட்கார்ந்து ரெண்டு தே தாரிக்கும் ரொட்டி சானாயும் இறக்குறதுக்கு இது எவ்வளவோ தேவல, சீனியாவது ஏறாது. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு சவுனா போறதும் நல்லதில்ல, அதனால அவர் வந்து சாப்பிடட்டும், நீங்க சோத்தை எட்டு மணிக்கு மேல வடிங்க. வாரத்துல ரெண்டு நாள் நீங்களும் இறங்கிப் போங்களேன். எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கிற இடுப்புக்கும் தோளுக்கும் அந்த வறண்ட சூடு என்ன சுகம்னு எனக்குத் தெரியும், முதல் தடவை அஞ்சு நிமிஷம் போதும். பொம்பளைங்க பக்கத்து சவுனா அனேகமா பூட்டிக் கிடக்கும், திறந்து பார்த்தா உடைஞ்ச நாற்காலியும் போன தீபாவளி அலங்காரமும் அடுக்கி வச்சிருப்பாங்க, ஆபீஸ்ல போய் காலி பண்ணித் தரச் சொல்லுங்க, மாசா மாசம் மெயின்டனன்ஸ் நீங்களும்தானே கட்டுறீங்க.