வணிகச் சட்டம் படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் ஆம்பூரில் வசிக்கிறேன். வயது 31. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்துப் படித்தேன், அதோடு கல்யாணம் ஆகிவிட்டது. என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து ஆறு மெஷின் போட்டு ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள். பில், கணக்கு, பேங்க் வேலை எல்லாம் நான்தான். ராணிப்பேட்டை பார்ட்டி ஒருவர் 1,80,000 ரூபாய் பாக்கி வைத்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் 60,000 ரூபாய்க்கு ஒரு செக் கொடுத்தார். பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. 'கொஞ்சம் பொறுங்கள்' என்கிறார். அதே பார்ட்டி கொடுத்த இன்னொரு லாட் இப்போது எங்கள் ஷெட்டில் தைத்து முடியும் நிலையில் இருக்கிறது. சட்டம் தெரியாததால்தானே இப்படி ஏமாறுகிறோம் என்று தோன்றுகிறது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட வணிகச் சட்ட டிப்ளமோ இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு, கட்டணம் 16,000. இன்னொரு தனியார் நிறுவனம் இரண்டு வருடத்துக்கு 65,000 கேட்கிறது. முடித்தால் வக்கீல் வேலையே பார்க்கலாம், மாதத் தவணையிலும் கட்டலாம் என்கிறார்கள். என்னிடம் மூன்று பவுன் நகை இருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் ஆயிரம் வீதம் 40 மாதம் கட்டியிருக்கிறேன். செலவு, சீட்டு, ஆர்.டி. எல்லாம் போக மாதம் 1,500 கையில் நிற்கும். நகையை வைத்து 65,000 ரூபாய் படிப்பில் சேரலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. நகை பீரோவிலேயே இருக்கட்டும். படிப்பு வேண்டும், ஆனால் 16,000 ரூபாய் படிப்பு போதும்.

முதலில் அந்த 65,000 ரூபாய் பேச்சை முடித்துவிடுகிறேன். இந்தியாவில் டிப்ளமோவை வைத்து யாரும் வக்கீல் ஆக முடியாது. 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்ய எல்.எல்.பி. பட்டம் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருடம், ஏற்கெனவே ஒரு டிகிரி வைத்திருப்பவர்களுக்கு மூன்று வருடம். பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் நேரில் போய்ப் படிக்க வேண்டும். தபால் வழி, ஆன்லைன் எதுவும் செல்லாது. மற்றவர்களுக்காக ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்யக்கூட வணிகவியல், சட்டம் போன்ற பாடத்தில் டிகிரி கேட்கிறார்கள், அதற்கு மேல் ஒரு தேர்வும் இருக்கிறது. 'வக்கீல் வேலை பார்க்கலாம்' என்று வாயால் சொல்கிறவர்களிடம் அதையே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

தவணை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது அந்த நிறுவனம் உங்களுக்குத் தரும் சலுகை இல்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, முழுப் பணத்தையும் அவர்களுக்கு முதல் நாளே கொடுத்துவிடும். மூன்றாம் மாதம் வகுப்பு சரியில்லை என்று நீங்கள் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர் இறங்கும். நாளைக்கு யூனிட்டுக்கு ஏழாவது மெஷின் வாங்க பேங்க் படி ஏறும்போது அந்த இறக்கம்தான் முன்னால் வந்து நிற்கும்.

சரி, சமுதாயக் கல்லூரிக்கு வருவோம். பாதியில் படிப்பை நிறுத்தியவர்களையும் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து உண்டானவை இவை. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. உங்களைப் போன்றவர்களுக்கான இடம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? போன வருடம் முடித்த ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தருவதாக இருந்தால் அதன் இணையதளத்திலும் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாடத்திட்டத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 1932ஆம் வருட கூட்டாண்மைச் சட்டம், இந்த நான்கும் அதில் இல்லை என்றால் அது உங்களுக்கான படிப்பு இல்லை.

ஏன் இந்த நான்கு? உங்கள் ஷெட்டில் கிடக்கும் லாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பார்ட்டியுடையது, தையல் உங்களுடையது. ஒப்பந்தச் சட்டம் 170ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கொடுத்த பொருளில் உங்கள் உழைப்பையோ திறமையையோ போட்டு வேலை முடித்திருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தவர் கதையைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. கூடவே ஒரு தையற்காரர் உதாரணமும் வருகிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தையற்காரர் 'தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணம் மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள்' என்று ஒப்புக்கொண்டிருந்தால் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. அதாவது, கடனுக்குச் சரி என்று நீங்கள் சொன்ன நிமிடமே அந்த உரிமை போய்விடுகிறது. நம் ஊரில் இதை எத்தனை பேர் யோசித்துச் சொல்கிறோம்? டீ குடித்துக்கொண்டே 'பாத்துக் குடுங்க' என்று சொல்லிவிடுகிறோம்.

ஆகவே இந்த லாட்டுக்குத் தவணை எதுவும் பேசவில்லை என்றால், இந்த லாட்டின் கூலியை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுங்கள். ஆனால் பழைய 1,80,000க்காக இந்தச் சரக்கைப் பிடித்து வைக்காதீர்கள். எந்தப் பொருளில் வேலை செய்தீர்களோ அந்தப் பொருளுக்கான கூலிக்கு மட்டும்தான் இந்தப் பிரிவு உதவும். அடுத்த லாட்டிலிருந்து டெலிவரி சலானிலேயே 'கூலி பெற்ற பின் சரக்கு' என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். இந்த மாதிரி ஒரு வரியை எங்கே, ஏன் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் உங்களைப் படிக்கச் சொல்கிறேன்.

கொழுந்தனாரும் சேர்ந்து நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. குடியாத்தத்தில் அப்பாவும் மாமாவும் கூட்டாக நூல் கடை வைத்திருந்தார்கள். முத்திரைத் தாளில் பத்திரம் எழுதி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததோடு சரி. ஒரு வியாபாரி பெரிய தொகை பாக்கி வைத்தார். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: கூட்டுக் கடை பதிவு செய்யப்பட்டதா? இல்லை. கூட்டாண்மைச் சட்டம் 69ஆவது பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தின் பேரில் மூன்றாம் ஆள் மீது பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. தள்ளுபடி. அதற்குப் பிறகு பதிவு செய்து மறுபடி போடலாம் என்றால், அதற்குள் பாக்கிக்கு வழக்குப் போடச் சட்டம் தரும் மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது. அந்தப் பழுப்புக் காகிதக் கட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அப்பா அதைத் தூக்கிப் போட விடவே இல்லை.

உங்கள் யூனிட்டின் கூட்டுப் பத்திரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் வழக்குக்கு முன்னால் பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இது இலவசம். ஆன்லைனில் நீங்களே செய்யலாம், பணம் கேட்கும் தரகர் தேவையில்லை. 2006ஆம் வருட சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்ட பார்ட்டி எழுத்தில் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும், அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கிற வருடம் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் அவர்களால் முடியாது. பெரிய கம்பெனி ஆடிட்டர்கள் இப்போது மார்ச் மாதம் வந்தாலே 'உத்யம் நம்பர் இருக்கிறதா' என்று கேட்பது இதனால்தான். பதிவுக்குப் பிறகு போடுகிற பில்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு சிக்கலில்லாமல் கிடைக்கும், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

இனி பணக் கணக்கு. 16,000 ரூபாயை இரண்டு பருவமாக, எட்டாயிரம் எட்டாயிரமாகக் கட்ட அனுமதி கேளுங்கள். முதல் எட்டாயிரத்துக்கு ஆர்.டி.யை முறிக்க வேண்டாம். மூன்று வருடம் கழித்து இடையில் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கணக்கிட்டுத் தருவார்கள், நாற்பது மாதம் காத்திருந்தது வீணாகும். அதற்குப் பதிலாக அதே ஆர்.டி. மேல் கடன் வாங்குங்கள். 12 தவணை கட்டியவர்களுக்கு இருப்பில் பாதி வரை கிடைக்கும். வட்டி, ஆர்.டி. வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம். 6.7 சதவீத ஆர்.டி. என்றால் கடனுக்கு 8.7. எட்டாயிரத்துக்கு ஒரு வருட வட்டி 700 ரூபாய்கூட ஆகாது. மாதம் நிற்கும் 1,500ஐ ஆறு மாதம் சேர்த்தால் 9,000, அதில் இரண்டாம் பருவம் முடிந்தது. அடுத்த ஆறு மாதச் சேமிப்பில் ஆர்.டி. கடனை வட்டியோடு அடைத்துவிடலாம். வாணியம்பாடிக்கு அரசு சாதாரண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு கிராம் தங்கம்கூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை, பாருங்கள்.

மனதில் உண்மையிலேயே கறுப்புக் கோட்டு ஆசை இருக்கிறதா? அதையும் நான் தடுக்க மாட்டேன். பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள், ஆகவே தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்து, பிறகு காட்பாடியில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரி போன்ற ஒன்றில் மூன்று வருட எல்.எல்.பி.க்கு முயலலாம். டிகிரியில் மதிப்பெண் மட்டும் விடாமல் பிடியுங்கள், தகுதி மதிப்பெண் அங்கே பார்க்கப்படும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆறேழு வருடப் பயணம் அது. டிப்ளமோ வருடத்தில் பாடம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதெல்லாம் பொறுத்துச் செய்யலாம். பொறுக்காதது அந்த 60,000 ரூபாய் செக். திரும்பிய மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பார்ட்டிக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கு இருக்கும் பேங்க் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேயே கொடுக்கலாம், ராணிப்பேட்டைக்கு அலைய வேண்டாம். 30 நாள் போய்விட்டது என்றாலும் பயப்படாதீர்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டாமல் இருந்தால் மறுபடி பேங்கில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும். இரண்டாம் முறை திரும்பிய செக்கின் பேரிலும் வழக்குத் தொடுக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற தோல் நிறுவனத்தின் வழக்கில்தான்.

மீதி 1,20,000க்கு, 'இந்தத் தேதியில் இவ்வளவு பாக்கி' என்று பார்ட்டியிடம் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கப் பாருங்கள். மூன்று வருடக் கெடு முடிவதற்குள் அப்படி ஒரு கையெழுத்து கிடைத்தால், கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் அவர் 'பொறுங்கள்' என்று அனுப்பியவற்றையும் அழிக்காமல் வையுங்கள்.

செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். கல்லூரி விண்ணப்பப் படிவத்தைத் திரும்பி வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.