“இனி எதுக்கு இருக்கணும்” என்கிற அப்பாவுக்கு இருத்தலியல் கவுன்சலிங் உதவுமா? அங்கே என்னதான் செய்வார்கள்?

இருத்தலியல் கவுன்சலிங் என்பது மரணம், தனிமை, வாழ்வின் அர்த்தம் போன்றவற்றை நேராக எடுத்துப் பேசும் சிகிச்சை. அது உதவும். ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

நீங்கள் சொன்னது: குன்னூர் தேயிலை எஸ்டேட்டில் 35 வருட வேலை, ரிட்டையர் ஆனதும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தாயிற்று, அம்மா இறந்து 8 மாதம், இப்போது கோத்தகிரியில் உங்களோடு. சாப்பாடு குறைந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது.

“எதுக்கு இருக்கணும்” என்பது வெறும் சலிப்பாகவும் இருக்கலாம், சாகும் எண்ணமாகவும் இருக்கலாம். எது என்று நேராகவே கேளுங்கள்: “அப்பா, உசுர விட்டுறலாம்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பதில் எதுவானாலும், வீட்டிலோ தோட்டத்து ஷெட்டிலோ பூச்சிமருந்து டப்பா இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மலையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது அதுதான். திட்டம் இருப்பது தெரிந்தால் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டெலி மனஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை. இவற்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் ஆள் இப்படித்தான் ஒடுங்கிக் கிடப்பார். மறதி கூடியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் உண்டு. கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நடுவில் சட்டென நிறுத்தக் கூடாது. மாத்திரையும் கவுன்சலிங்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980இல் இந்த முறையை விரிவாக எழுதியபோது, எந்த மனிதரும் தப்ப முடியாத நான்கைக் குறிப்பிட்டார்: மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. உங்கள் அப்பாவுக்கு நான்கும் ஒரே வருடத்தில் வந்து நிற்கின்றன. இதில் பலரும் கவனிக்காதது சுதந்திரம். 35 வருடம் சங்கும் மேஸ்திரியும் முடிவு செய்த காலைப்பொழுதை இப்போது அவரே முடிவு செய்ய வேண்டும். அது பயமாக இருக்கும். வீட்டில் நாம் “நீங்க சும்மா உக்காருங்கப்பா” என்று பாசத்தோடு சொல்லி, மிச்சமிருக்கும் சின்ன முடிவுகளையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஒரு சந்திப்பு சுமார் 50 நிமிடம், வாரம் ஒன்று. நல்ல கவுன்சலர் முதலில் ஆறுதல் சொல்ல அவசரப்பட மாட்டார். “காலம் எல்லாத்தையும் ஆத்தும்” என்ற பேச்சு துக்கத்தில் இருப்பவர் வாயை அடைத்துவிடும். அவர் நுணுக்கமாகக் கேட்பார்: எந்த ஃபீல்டில் கவாத்து வெட்டினீர்கள், கூட யார் இருந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா என்ன கட்டிக் கொடுப்பார். “எல்லாம் போச்சு” என்ற மொத்தப் பேச்சில் துக்கம் அசையாது, விவரங்களில்தான் அசையும். அழுதால் அழவிடுவார். பேச்சு நின்றால் அவரும் பேசாமல் காத்திருப்பார். இந்த முறையில் கருணை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் நடைமுறை.

பிறகு, மாற்ற முடியாததையும் மாற்ற முடிவதையும் பிரித்தல். அம்மா திரும்ப மாட்டார், லைன் வீடும் திரும்பாது. அதில் வாதாட ஒன்றுமில்லை. முட்டி வலியும் இழுத்தடிக்கும் கிராஜுவிட்டியும் அப்படியல்ல, ஒன்றுக்கு டாக்டர், மற்றதற்கு மனு. ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் அர்த்தத்துக்கு மூன்று வழி சொன்னார்: நாம் செய்து தருவது, அன்பிலும் அனுபவத்திலும் பெறுவது, தவிர்க்கவே முடியாத துன்பத்தின் முன் நாம் எடுக்கும் நிலை. அனுபவமில்லாதவர்கள் மூன்றாவதில் நேராகக் குதித்துவிடுவார்கள். தீர்க்கக்கூடிய துன்பத்துக்குப் பொருள் தேடச் சொல்வது கொடுமை என்பேன். முதல் இரண்டில்தான் அதிக நாள் செலவாக வேண்டும். கிழவருக்கு நாற்று ஒட்டத் தெரியும், எந்தக் கொழுந்து முற்றல் என்று பார்த்ததும் சொல்லத் தெரியும் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஆதாரம் கேட்பீர்கள். நியூயார்க்கில் வில்லியம் பிரெய்ட்பார்ட் குழுவினர் முற்றிய புற்றுநோயாளிகளுக்காக ஃபிராங்கலின் கருத்துகளை வைத்து அமைத்த முறையில் தனிநபருக்கு 7 சந்திப்பு, குழுவுக்கு 8. 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் அர்த்தத்தை முறையாக எடுத்துப் பேசிய சிகிச்சைகளே நல்ல பலன் காட்டின. உணர்வுகளைப் பகிர்வதோடு நின்றவை அவ்வளவு காட்டவில்லை. ஆகவே “மனசு விட்டுப் பேசுங்க” என்பதோடு நிற்பவரிடம் மாதக்கணக்கில் போக வேண்டாம்.

8 மாதம் துக்கப்படுவது நோயா என்று கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 நீடித்த துக்கக் கோளாறுக்கு 6 மாத வரம்பு வைக்கிறது, அமெரிக்காவின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம் பெரியவர்களுக்கு 12 மாதம். நாள் கணக்கை விட, ஏக்கம் அன்றாடத்தை முடக்குகிறதா என்று பாருங்கள்.

நம்ம மலையில் ஒரு தனிச் சிக்கல்: எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கவுன்சலர் உங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) சொந்தமா, எஸ்டேட்காரர்களுக்குப் பழக்கமா என்று முதலிலேயே விசாரியுங்கள். எதை யாரிடமும் சொல்ல மாட்டார், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் யாரிடம் சொல்வார் என்பதை முதல் சந்திப்பிலேயே அப்பாவிடம் அவர் சொல்லிவிட வேண்டும். போனில் பேசுவதானால் அந்த நேரம் வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது, மருமகள் பக்கத்து அறையில் இருந்தால் அப்பா வாய் திறக்க மாட்டார். கூட்டிப் போனால் நீங்கள் வெளியே உட்காருங்கள், திரும்பும் பஸ்ஸில் “என்ன பேசினீங்க” என்று குடையாதீர்கள். நாலாவது சந்திப்பில் கவுன்சலரே “இது உதவுதா” என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்கு கவுன்சலர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.