பொம்மையை விட்டுத் தம்ளரைத் தேடும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம் நிறைந்துவிட்டது. விளக்கெரிந்து பாட்டுப் பாடும் பொம்மைகளைத் தள்ளிவிட்டு, சமையலறைக்குத் தவழ்ந்து போய், எவர்சில்வர் போசியையும் தம்ளரையும் எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாள். ‘விளையாடட்டும், விடு’ என்கிறார் என் மாமியார். கிருமி தொற்றுமோ, தொண்டையில் ஏதேனும் சிக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுப் பொருள்களில் எவற்றை நம்பிக் கொடுக்கலாம்?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்காதீர்கள். இந்த வயதில் உதட்டாலும் நாக்காலும்தான் குழந்தை பாதி உலகத்தை அறிகிறது. அந்தத் தம்ளரை அவள் என்ன செய்கிறாள் என்று அருகில் உட்கார்ந்து பாருங்கள்: விளிம்பை நக்கிக் குளிர்ச்சியை உணர்வாள், உள்ளே கையை விடுவாள், சிமெண்டுத் தரையில் போட்டுக் கணீரென்ற ஒலியைக் கேட்பாள், அதே தம்ளர் பவானி ஜமக்காளத்தின் மேல் விழும்போது ஒலி மங்கிப்போவதைக் கண்டு மறுபடியும் எடுத்துப் போடுவாள். பொத்தானை அழுத்தினால் எப்போதும் ஒரே பாட்டைப் பாடும் பொம்மையிடம் இந்த வேறுபாடு கிடைப்பதில்லை.

தொடு உணர்வுக்கு நம் பகுதியில் பஞ்சமே இல்லை. சொரசொரப்பான ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, இழுத்தால் நீளும் திருப்பூர் பனியன் துணி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் குவிக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தொங்கும் நூல்களை முதலில் வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு நூல் பிஞ்சு விரலில் இறுகச் சுற்றினாலும் ரத்த ஓட்டம் தடைப்படும். வாசனைக்குக் கறிவேப்பிலையைக் கசக்கி உங்கள் கையாலேயே சற்றுத் தள்ளிக் காட்டினால் போதும். கற்பூரமும் தைலமும் கைக்குழந்தைக்கு ஆகாது. அகப்பை நல்ல பொருள்தான், ஆனால் அதன் காம்பை வாயில் வைத்தபடி தவழ விடக் கூடாது.

கிருமியைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டாம்; சோப்பால் நன்றாகக் கழுவிய பாத்திரம் போதும், ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட வேண்டியதில்லை. விளிம்பில் உங்கள் விரலை ஓட்டிக் கூர்மை இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது பயம்தான் உண்மையான பயம். முழுதாக வாய்க்குள் போய்விடக்கூடிய, 4 சென்டிமீட்டருக்கும் குறைவான எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது: நிலக்கடலை, புளியங்கொட்டை, பாசிமணி, ஊக்கு, பாட்டில் மூடி. களத்தில் காயும் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, நஞ்சுடையது என்பதால், வாசலில் தவழ விடும் முன் தரையைப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றிலும் கொடியது, சிறிய ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஐயம் வந்தாலே காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாலித்தீன் பையும், ஒரு சாணுக்கு மேற்பட்ட கயிறும், அடியில் சிறிதளவே தண்ணீர் நிற்கும் வாளியும்கூட ஆபத்துதான்.

அவள் முகத்தைத் திருப்பினாலோ கண்ணைக் கசக்கினாலோ பொருள்களை எடுத்து வைத்துவிடுங்கள். அவள் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தம்ளரைப் பனியன் துணியால் அவள் கண்முன்னே மூடிப் பாருங்கள். துணியை இழுத்து அதைத் தேடத் தொடங்கும் வயதுதான் இது.