பட்டறைத் தரையில் எப்பாக்சி உரிவது பற்றி

வணக்கம். தரைவீட்டின் பின்புறம் தனியாகக் கட்டிய பட்டறையில், கான்கிரீட் போட்ட மூன்றாம் வாரமே பூசிய எப்பாக்சி (பிசினும் கெட்டியாக்கியும் கலந்த தரைப்பூச்சு) கொப்பளித்து உரிவதாக எழுதியிருந்தீர்கள். பூச்சைக் குறை சொல்லும் முன் ஈரத்தைச் சோதியுங்கள்: பூச்சு உரிந்து கான்கிரீட் தெரியும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரிக்கும்போது, தாளின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரம் இன்னும் மேலேறுகிறது என்று பொருள். கான்கிரீட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் 28 நாள் என்பது வலிமைக்கான கணக்கே தவிர உலர்வதற்கானது அன்று. நம் சிங்கப்பூர்க் காற்றில் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கத் தரைக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டாரா என்று பட்டறையைக் கட்டித் தந்த குத்தகையாளரிடம் கேளுங்கள். போடவில்லையெனில் காத்திருந்தும் பயனில்லை. பழைய பூச்சை எந்திரத்தால் தேய்த்தெடுத்து, ஈரத்தடுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) பூசிய பிறகே எப்பாக்சியைத் தொடுங்கள்.