"எனக்கு ஏறவே மாட்டேங்குது!"

கேள்வி: எனக்கு வயது 23. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை. அப்பா குடித்தே ஈரல் கெட்டு இறந்தார். அம்மாவின் அப்பா, என் அப்புச்சியும் பெரும் குடிகாரர். "அது உன் ரத்தத்துலயே இருக்குது சாமி, தொட்டுராதே" என்று அம்மா அழுகிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் மட்டும் நண்பர்களோடு குடிப்பேன். அவர்கள் ரெண்டாவது ரவுண்டில் உளறுவார்கள். நான் நாலு ரவுண்டு முடித்தும் தெளிவாக இருப்பேன். எல்லோரையும் பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுவதே நான்தான். எனக்கு அந்த வியாதி வராதுதானே? ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கட்டுமா?
— வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த நாலு ரவுண்டைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரைச் சேர்ந்த மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் இதையே ஆராய்ந்தார். குடிநோயாளிகளின் மகன்களுக்கு இளம் வயதில் அளந்து மது கொடுத்து, யாருக்கு எவ்வளவு போதை தெரிகிறது என்று குறித்துக்கொண்டார். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகள் ஆகியிருந்தார்கள். நன்றாகத் தெரிந்தவர்களில் 14 சதவீதம்தான். இத்தனைக்கும் இரு தரப்புமே குடிகார அப்பாக்களின் மகன்கள்.

காரணம் எளிது. மற்றவனுக்கு ரெண்டாவதிலேயே தலை சுற்றுகிறது, நிறுத்திவிடுகிறான். உங்கள் உடம்பில் அந்த மணி அடிப்பதில்லை. அதனால் கூடக் கூடக் குடிப்பீர்கள், மூளையும் அந்த அளவுக்குப் பழகிக்கொள்ளும்.

அம்மா சொல்வது பாதி சரி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ பாதி. உடனே "எனக்கு ஐம்பது சதவீதம் வரும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் பாதியைப் பரம்பரை விளக்குகிறது, அவ்வளவுதான். 1970களில் டென்மார்க்கில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து வேறு வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஆண்களைப் பார்த்தார்கள். 18 சதவீதம் பேருக்குக் குடிநோய் இருந்தது. மற்ற தத்துப் பிள்ளைகளில் 5 சதவீதம்தான். வீட்டில் பார்த்துப் பழகாமலே இவ்வளவு வித்தியாசம். ஆனால் மீதி 82 சதவீதம் பேர் தப்பித்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

டெஸ்டுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். குடிக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து செய்கிற வேலை அது. அப்பா, அப்புச்சி கதை சொல்வதைவிட அதிகமாக எந்த ரிப்போர்ட்டும் உங்களுக்குச் சொல்லிவிடாது.

பைக் விஷயத்தில் திட்டத்தான் வேண்டும். போதை தெரியாததால் ரத்தத்தில் மது குறைந்துவிடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். நாலு ரவுண்டில் நீங்கள் அதைத் தாண்டி எங்கேயோ போயிருப்பீர்கள்.

அளவாகக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். அளவைச் சொல்லும் உணர்வே உங்களுக்கு மந்தம். முழுதாக விட்டுவிடுங்கள். சனிக்கிழமையோடு நிற்கும் இப்போதுதான் அது சுலபம். கிடா விருந்தில் மாமன் மச்சான் ஊற்றிக்கொடுத்தால், "மாத்திரை சாப்பிடறனுங்க" என்று பொய் சொன்னாலும் தப்பில்லை. நாலு சனிக்கிழமை தொடாமல் இருந்து பாருங்கள். முடியவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். டாக்டரைப் பார்க்கச் சொன்னால் போங்கள். போகும்போது அப்பா, அப்புச்சி விவரத்தோடு உங்கள் ரவுண்டுக் கணக்கையும் குறைக்காமல் சொல்லிவிடுங்கள்.