பலூனில் பறக்கும் சூரியத் தொலைநோக்கிக்குக் கேமரா வடிவமைப்பதில் எது கடினம்?

சூடுதான். மயிலாடுதுறையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2009இல் சன்ரைஸ் என்ற பலூன் சூரியத் தொலைநோக்கி ஸ்வீடனின் கிருணாவிலிருந்து முதன்முதலாகப் பறந்த நாளிலிருந்து அதைப் பற்றி வருவதையெல்லாம் தேடிப் படிக்கிறேன்.

ஒரு சித்திரை மதியம் மொட்டை மாடியில் 8 செ.மீ. தொலைநோக்கியை வைத்து, சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து மாணவர்களுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஐபீஸுக்குள் இருந்த பிளாஸ்டிக் வளையம் இளகிவிட்டது. அந்தக் குழாய்க்குள் போனது நாலைந்து வாட் வெயில்தான். சன்ரைஸின் ஆடி 1 மீட்டர் விட்டம். அதில் விழுவது ஏறக்குறைய 1 கிலோவாட், இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு!

நம் ஊரில் எவ்வளவு கொளுத்தினாலும் சாயங்காலம் கடற்காற்று வந்து ஆற்றிவிடும். 35 கி.மீ. உயரத்தில் ஆற்றுவதற்குக் காற்று கிடையாது; 99 சதவீதத்துக்கு மேல் கீழேயே தங்கிவிடுகிறது. விசிறி வைத்துப் பயனில்லை. கேமராவின் சூட்டை உலோகம் வழியாகத் தகடுகளுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியே விட வேண்டும்.

அதைவிட முக்கியம், சூட்டை உள்ளேயே விடாமல் இருப்பது. இரண்டு குழியாடிகள் கொண்ட கிரிகோரி அமைப்பில் முதல் ஆடி ஒளியைக் குவிக்கும் இடத்திலேயே ஒரு தடுப்பை வைக்கலாம். அதன் சிறு துளை வழியே பார்க்க வேண்டிய பகுதியின் ஒளி மட்டும் உள்ளே போகும். சுமார் 99 சதவீதம் வெளியே திருப்பப்படும். மடையில் வயலுக்கு வேண்டியதை மட்டும் விட்டு, மிச்சத்தை வடிகாலில் தள்ளுகிற வேலைதான். இந்த ஏற்பாட்டைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் மேலே போக வேண்டும்? அறுத்த வயலுக்கு மேல் கோடையில் எதிர்க்கரைத் தென்னை நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து பார்த்தால் சூரியனும் அப்படித்தான் நெளியும். மேலே அந்த நெளிவு இல்லை. ஓசோன் விழுங்கும் புற ஊதா ஒளியில் 214 நானோமீட்டர் வரைக்கும் படம் எடுக்கலாம். அப்புறம், ஜூன் மாதக் கிருணாவில் சூரியன் மறைவதே இல்லை.

மெல்லிய காற்றில் உயர் மின்னழுத்தம் சுலபமாகப் பொறியடிக்கும் என்பது இன்னொரு தொல்லை. அந்தப் பாகங்களை அழுத்தம் குறையாத பெட்டிக்குள் அடைக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு வர ஆசையென்றால், ஆய்வகத்தில் வெற்றிட மணிஜாடி இருக்கிறதா பாருங்கள். ஒரு சின்ன கேமராவை அதற்குள் ஓடவிட்டு, காற்றை உறிஞ்சுவதற்கு முன்னும் பின்னும் அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.